பட்டியலில் விடுபட்ட ஓர் எண்
கணிதமேதை ராமானுஜனின் 1915ஆம் ஆண்டு உயர் பகு எண்கள் பட்டியல் (தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் உள்ளவை) அப்பழுக்கற்றது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஆனால் அதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: 2,93,31,86,25,600. இதற்கு 5,040 காரணிகள். வேடிக்கை என்னவென்றால், இதை 23ஆல் பெருக்கினால் 67,46,32,83,88,800. அதுதான் பட்டியலின் கடைசி எண், 10,080 காரணிகள். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டைப் பார்த்துவிட்டுக் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, பேனாவும் டிக்கெட்டின் பின்புறமுமாகப் பெருக்கிப் பார்த்தேன், சரியாக வந்தது. கையால் நூற்றுக்கும் மேல் போட்டவருக்கு ஒன்று தவறுவது பெரிதா என்ன! அப்புறம், 'இந்த எண்களெல்லாம் எதற்கு' என்று கேட்பவர்களுக்கு: எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கலம் நெல்லுக்குப் பன்னிரண்டு மரக்கால். களத்தில் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு பேர் என்று எப்படிப் பங்கு போட்டாலும் மிச்சம் வராது. 12-உம் ஓர் உயர் பகு எண்தான்.