அந்த 0.7 கிலோ எந்த நேரத்துக் கணக்கு?

ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும்போது எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது என்று கேட்டால், பல நாடுகளிலும் பதில் பெரும்பாலும் ஒற்றை எண்ணாகத்தான் வரும். இந்திய மின்தொகுப்புக்கு மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில் அது சுமார் 0.7 கிலோ. உழைத்துத் திரட்டிய எண், மதிக்கிறேன். ஆனால் இப்படியொரு எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எல்லா முடிவுகளையும் எடுப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

புகைபோக்கியில் கருவி வைத்துத்தான் அளக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெரிய அனல்மின் நிலையங்களில் அப்படி மணிக்கு மணி பதிவாகிறது. பல நாடுகளில் நடப்பது எரிபொருள் கணக்கு. நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். நிலையத்தின் திறன் 35 சதவீதம், அதாவது எரிபொருளின் வெப்பத்தில் அவ்வளவுதான் மின்சாரமாகிறது என்றால், 10.3 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசி தரும் பொது மதிப்புப்படி, நடுத்தர ரக நிலக்கரி ஒரு மெகாஜூலுக்குச் சுமார் 96 கிராம் கார்பன் டை ஆக்சைடைக் கக்கும். பெருக்கினால் ஏறக்குறைய ஒரு கிலோ. அதே யூனிட் 55 சதவீதத் திறனுள்ள எரிவாயு நிலையத்தில் பிறந்தால் சுமார் 370 கிராம்.

பெருக்கல் சுலபம். அதற்குள் போகும் எண்களுக்குப் பின்னால்தான் பாடு இருக்கிறது. கன்வேயர் பெல்ட்டில் ஓடும் நிலக்கரியில் மாதிரி எடுத்து, உலர்த்தி, மாவாக அரைத்து, அதில் ஒரு கிராம் அளவை எஃகுக் கலத்துக்குள் ஆக்சிஜன் நிரப்பி எரிக்கிறார்கள். சுற்றியிருக்கும் நீர் எவ்வளவு சூடேறியது என்பதை வைத்து வெப்ப மதிப்பு வரும். மலைபோல் குவிந்த கரிக்கு அந்த ஒரு கிராம்தான் சாட்சி. மேலே கிடந்த கட்டியை மட்டும் அள்ளிவந்தாலோ, மழையில் நனைந்த கரியின் ஈரத்தைச் சரியாகக் கழிக்காவிட்டாலோ, பிறகு எத்தனை தசமம் போட்டு எழுதினாலும் பிரயோஜனமில்லை. மாதிரி எடுப்பவரின் வேலையை யாரும் பேசுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

இப்போது என் குறைக்கு வருகிறேன். உச்சி வெயிலில் சூரியத் தகடுகள் முழுமூச்சாக ஓடும்போது மின்தொகுப்பின் சராசரி இறங்கும். பொழுது சாய்ந்ததும் விளக்கும் விசிறியும் ஏற, தகடுகள் அடங்க, நிலக்கரியோ எரிவாயுவோ ஈடுகட்டும். இரண்டு நேரத்து யூனிட்டும் மீட்டரில் ஒன்றுதான், காற்றில் ஒன்றல்ல. ஆண்டுச் சராசரியில் இந்த மேடு பள்ளம் முழுக்கக் கரைந்துபோகிறது. மின்வாகனத்தை எப்போது சார்ஜ் செய்வது, பேட்டரியை எப்போது நிரப்புவது என்பதற்கெல்லாம் வேண்டியது அந்த மேடு பள்ளம்தான். இன்னும் சரியாகக் கேட்டால், இந்த நிமிடம் நான் கூடுதலாக ஒரு யூனிட் இழுத்தால் எந்த நிலையத்தை முடுக்குவார்கள் என்று கேட்க வேண்டும். சராசரிக்கும் அதற்கும் சில நேரம் பெரிய தூரம்.

எங்கோ பகலில் சூரிய மின்சாரம் உற்பத்தியானதற்கான சான்றிதழை வருடக் கணக்குக்கு வாங்கிவைத்துக்கொண்டு, நள்ளிரவிலும் தன் ஆலை சுத்தமான மின்சாரத்தில் ஓடுவதாக ஒரு நிறுவனம் சொல்ல முடிவதும் இந்த ஆண்டுக் கணக்கால்தான். இது அநியாயம்.

 

நேரவாரியாகக் காட்டவே முடியாது என்பார்கள். பிரிட்டனில் 2017 முதல் ஒரு யூனிட்டுக்கான கார்பன் அளவை அரை மணிக்கொரு முறை முன்கணிப்போடு வெளியிடுகிறார்கள்; இப்போது 14 பகுதிகளுக்குத் தனித்தனியாகவும் கிடைக்கிறது. கடலடிக் கேபிள் வழியே பக்கத்து நாட்டிலிருந்து வரும் மின்சாரமும் அதில் சேரும். அங்கே கடைசி நிலக்கரி நிலையம் 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி நின்றது. அந்த இறக்கத்தை அரை மணி அரை மணியாக யாரும் பார்க்க முடிந்தது. இந்தியாவிலும் மின்சாரம் 15 நிமிடத் துண்டுகளாகத்தான் திட்டமிடப்பட்டு அளக்கப்படுகிறது. எந்த நிலையம் எவ்வளவு தருகிறது என்பது மின்தொகுப்பை நிமிடத்துக்கு நிமிடம் இயக்கும் லோட் டெஸ்பாட்ச் சென்டர்களுக்குத் தெரியும். அந்த அளவுகளோடு எரிபொருள் கணக்கையும் சேர்த்து, அதே 15 நிமிடத்துக்கு ஒருமுறை, யாரும் இறக்கிக்கொள்ளும்படி பொதுவில் வையுங்கள்.