பழைய மாணவருக்கு முந்நூறு

(மார்ச் மாதம். யாழ்ப்பாணம் ரயில் நிலைய வாசல். 'சென்ரல்' எனப்படும் யாழ். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெரும் போர்' கிரிக்கெட்டின் முதல் நாள். ஓட்டோவுடன் நிற்பவர் குணம். பையுடன் இறங்கி வருபவர் கனடாவிலிருந்து வந்திருக்கும் சிறி.)

குணம்: வாங்கோ அண்ணை, ஏறுங்கோ. சென்ரல் கிரவுண்டுக்குத்தானே?

சிறி: எப்படித் தெரியும்?

குணம்: இந்த வெயிலில், கூலிங் கிளாசோடு, வேறு எங்கே போவீர்கள்? ஐந்நூறு ரூபாய்.

சிறி: இந்தத் தூரத்துக்கா? தம்பி, நான் இந்த ஊரில் பிறந்தவன்.

குணம்: ஊரில் பிறந்ததற்கு ஐந்நூறு. வெளியூர் என்றால் எழுநூறு. சென்ரல் பழைய மாணவர் என்றால் மட்டும் முந்நூறு.

சிறி: (தொண்டையைச் செருமி) அதை முதலிலேயே சொல்லக் கூடாதா? நான் சென்ரல்தான். ஓட்டோவை எடும்.

குணம்: எந்த வருடம் அண்ணை?

சிறி: எண்பதுகளில். சண்டை நேரம். சில வருடங்கள் பெரும் போரே நடக்கவில்லை. அதனால் என்னை யாருக்கும் ஞாபகம் இருக்காது.

குணம்: கோபிக்காதீங்கோ. காலையிலிருந்து ஏறிய அத்தனை பேரும் சென்ரல் என்றுதான் சொன்னார்கள். எல்லோரும் படித்திருந்தால் கோட்டைக்குள்ளும் வகுப்பு வைத்திருக்க வேண்டும். ஆகவே சின்னதாக ஒரு பரீட்சை. 1834இல் பள்ளிக்கூடத்துக்கு 'மத்திய' என்று பெயர் வைத்த பாதிரியார் யார்?

சிறி: பாதிரியார்கள் எல்லோரும் வெள்ளை அங்கிதானே போடுவார்கள், எனக்கு வித்தியாசம் தெரியாது.

குணம்: பீற்றர் பேர்சிவல்! ஆறுமுக நாவலர் பெருமான் அவரிடம் படித்து, அங்கேயே படிப்பித்து, பைபிளைத் தமிழாக்கவும் கைகொடுத்தவர். முந்நூற்றைம்பது.

சிறி: நாவலர் கிரிக்கெட் ஆடினாரா?

குணம்: அவர் 1879இல் போய்விட்டார், இந்த மச் தொடங்கியது 1904இல். எங்கள் கெட்ட காலம். இருந்திருந்தால் பந்தே தேவையில்லை. ஒரு கண்டனம் எழுதி விட்டால் எதிரணி முழுவதும் அவுட்.

சிறி: பரீட்சையை விளையாட்டில் வையும் தம்பி. யார் அதிக தடவை வென்றது என்று கேளும், உடனே சொல்கிறேன்.

குணம்: அது பாடத்திட்டத்தில் இல்லை. 1958, தோக்கியோ, ஆசிய விளையாட்டுப் போட்டி?

சிறி: எதிர்வீரசிங்கம்! உயரம் பாய்தலில் தங்கம். இலங்கைக்கு ஆசியப் போட்டியில் கிடைத்த முதல் தங்கமே அதுதான். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கும் போனவர்.

குணம்: சரி, பழையபடி முந்நூறு. பாருங்கோ அண்ணை, அரசாங்கப் பள்ளிக்கூடம். இலவசப் புத்தகம், சீருடைத் துணியும் இலவசம். அங்கே இருந்து ஒலிம்பிக்!

சிறி: அவர் பாய்ந்த காலத்தில் அது மிசன் பள்ளிக்கூடம். அரசாங்கம் எடுத்தது அறுபதுகளில்தானே? எங்களுடையதை நாங்கள் கொடுக்கவில்லை…

(ஓட்டோ மெதுவாகிறது.)

குணம்: எதைக் கொடுக்கவில்லை?

சிறி: எங்கள்… மனதை. மனதைக் கொடுக்கவில்லை. மிசன் பள்ளிக்கூடமாகவே நினைத்துக்கொண்டு இருந்தோம்.

குணம்: நாநூறு.

சிறி: வியாஸ்காந்தைக் கேளும்! உங்கள்… நம் பள்ளிக்கூடத்துப் பொடியன். 2024இல் ஐதராபாத் அணிக்கு ஹசரங்கவுக்குப் பதிலாகப் போய் ஐபிஎல் ஆடினானே. முதல் ஆட்டம் லக்னோவுடன். ரொறன்ரோவில் காலை பத்து மணி, வேலைக்கு லீவு போட்டுப் பார்த்தேன். லக்னோ 165. ஐதராபாத் விக்கெட்டே விடாமல் 9.4 ஓவரில் அடித்து முடித்துவிட்டது. பிறகு நாள் முழுவதும் என்ன செய்வதென்று தெரியாமல் பனி தள்ளுகிற மெசினைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

குணம்: (கண் கலங்க) அண்ணை, அன்று நான் ஹயரே ஓடவில்லை. முந்நூறு போதும். கடைசிக் கேள்வி, இது எல்லோருக்கும் சுலபம். பள்ளிக்கூடம் விட்டதும் எங்கே போய் நிற்பீர்கள்?

சிறி: அதைக் கேட்க வேண்டுமா? சுண்டிக்குளி மகளிர் கல்லூரி வாசலில், மதிலோடு…

குணம்: பக்கத்திலேயே வேம்படி மகளிர் பாடசாலை இருக்க, கொளுத்துகிற வெயிலில் சுண்டிக்குளிவரைக்கும் போவானா ஒரு சென்ரல் பொடியன்?

சிறி: என்னிடம் நல்ல சைக்கிள் இருந்தது தம்பி.

குணம்: சைக்கிளுக்கு ஐம்பது, பொய்க்கு நூறு. நாநூற்றைம்பது.

(மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கொடி கட்டிய லொறி ஒன்று குறுக்கே நிற்கிறது. ஒருவன் எக்காளம் ஊதுகிறான். அவனுக்கு ஊதத் தெரியாது. குணத்தின் போன் அடிக்கிறது. கை தவறி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். "அப்பா! சென்ரலுக்கு மூன்று விக்கெட் போச்சு! நாங்கள் விடமாட்டோம்!")

சிறி: (இருக்கையிலிருந்து துள்ளி, தலை கூரையில் மோத) அடி சக்கை! போடடா ராசா!

(நீண்ட அமைதி. எக்காளக்காரனும் நிறுத்திவிட்டான்.)

குணம்: அறுநூறு. இறங்குங்கோ.

சிறி: இறங்குகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. போனில் பேசியது யார்?

குணம்: மகன்.

சிறி: சென்ரலுக்கு விக்கெட் போனால் 'நாங்கள்' என்று ஏன் துள்ளுகிறான்?

குணம்: நெற்வேர்க் சரியில்லை.

சிறி: தம்பி.

குணம்: வீடு சுண்டிக்குளியில் அண்ணை. பரியோவான் நடக்கிற தூரம். மனிசி சொன்னாள், பஸ் காசு மிச்சம் என்று. நான் அன்று ஹயருக்குப் போயிருந்தேன். வந்து பார்க்கிறேன், அட்மிசன் முடிந்துவிட்டது.

சிறி: அப்படியென்றால் நீர் எங்கள் பெற்றோர் சங்கம்! எங்கள் ஆட்களிடம் எவ்வளவு எடுப்பீர்?

குணம்: சத்தம் போடாதீங்கோ, ஸ்டாண்டில் கேட்டால் என்னை வரிசையில் நிற்க விடமாட்டார்கள். இருநூறு தாங்கோ.

சிறி: பொடியன் விளையாடுவானா?

குணம்: லெக் ஸ்பின். வியாஸ்காந்தைப் பார்த்துப் பார்த்து நான்தான் பழக்கினேன், வீட்டு முற்றத்தில். கூக்ளி போட்டால் எனக்கே விளங்காது. இப்போது பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணி.

சிறி: அப்போ இன்னும் மூன்று, நான்கு வருடத்தில் பெரும் போரில் சென்ரலுக்குப் பந்து போடுவானே! அந்த மார்ச்சில் எந்தப் பக்கம் உட்காருவீர்?

குணம்: அந்த மார்ச்சில் எனக்குக் கொழும்புக்கு ஹயர் வரும் அண்ணை. வராவிட்டாலும் போவேன்.