இரண்டு பம்ப் இருந்தால் போதுமா? ஃபால்ட் ட்ரீ மென்பொருள் கேட்காத கேள்வி

சிஸ்டம் மாடலைக் கொடுத்தால் போதும், ஃபால்ட் ட்ரீயை (எந்தெந்தப் பழுது சேர்ந்தால் சிஸ்டம் விழும் என்று காட்டும் மர வரைபடம்) வரைந்து, கட் செட்களை (சேர்ந்து பழுதானால் சிஸ்டத்தையே விழவைக்கும் பாகங்களின் தொகுப்பு) பிரித்து, மொத்தமாகச் செயலிழக்கும் வாய்ப்பையும் கணக்கிட்டுத் தரும் மென்பொருட்கள் வந்துவிட்டன. வரவேற்கிறேன். ஆயிரம் கேட் (பழுதுகளை இணைக்கும் முடிச்சு) உள்ள மரத்தைக் கையால் தீர்க்க யாராலும் முடியாது. என் கவலை ஆண்ட் (AND) கேட்டைப் பற்றியது, அதாவது எல்லாப் பழுதும் சேர்ந்து வந்தால் மட்டுமே விழும் இடம்.

இரண்டு பம்ப், ஒன்று ஓடினாலே போதும். ஒவ்வொன்றும் ஆயிரம் முறை ஸ்டார்ட் செய்தால் ஒரு முறை ஓடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் இரண்டையும் பெருக்கி, பத்து லட்சத்தில் ஒன்று என்று சொல்லும். ஆனால் பழுதுகளில் பத்தில் ஒன்று இரண்டையும் சேர்த்தே சாய்க்கும் காரணத்தால் வருகிறது என்றால், அதாவது பீட்டா 10 சதவீதம் என்றால், விடை பத்தாயிரத்தில் ஒன்று. நூறு மடங்கு மோசம். மூன்றாவது பம்ப் வாங்கி வைத்தாலும், அதே காரணம் அதையும் பிடிக்குமானால் இந்த எண் அசையாது.

2011 மார்ச் 11, ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையம். 6 உலைகளுக்கு 13 டீசல் ஜெனரேட்டர்கள். சுனாமிக்குப் பிறகு மின்சாரம் கொடுத்தது ஒன்றே ஒன்று, 6-ம் உலையின் ஏர் கூல்டு ஜெனரேட்டர். 2, 4-ம் உலைகளுக்கும் அதே வகையில் ஒவ்வொன்று தரைத்தளத்தில் இருந்தது. அவை மூழ்கவில்லை. அவற்றின் ஸ்விட்ச்கியர் (மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் ஸ்விட்ச் பலகை) அடித்தளத்தில் இருந்தது, அது மூழ்கிவிட்டது. எஞ்சின் நன்றாக இருந்தும் கரண்ட் போய்ச்சேர வழியில்லை.

இதை மென்பொருள் எங்கிருந்து கண்டுபிடிக்கும்? பைப்பிங் வரைபடத்தில் வால்வு இருக்கும், குழாய் இருக்கும். எந்த அறை, எத்தனை மீட்டர் உயரம் என்பது இருக்காது. மின் வரைபடத்தில் ஏ, பி ஃபீடர்கள் (மின்சாரம் கொண்டுவரும் லைன்கள்) தனித்தனிக் கோடுகள். நேரில் போய்ப் பார்த்தால் இரண்டு கேபிளும் ஒரே ட்ரேயில் கிடக்கும், சுவரில் ஒரே துவாரத்தில் நுழையும்.

கட்-ஆஃப், அதாவது ஒரு வரம்புக்குக் கீழான வாய்ப்புகளைக் கணக்கில் விட்டுவிடுவது, இன்னும் மோசமானது. நான்கு பம்புகளின் வாய்ப்பைப் பெருக்கினால் லட்சம் கோடியில் ஒன்று. வரம்புக்குக் கீழே என்று மென்பொருள் அந்தக் கட் செட்டையே தூக்கி எறிந்துவிடும். நான்கு பம்பும் ஒரே அறையில் இருப்பது அறிக்கையைப் படிப்பவர் கண்ணிலேயே படாது.

இதையும் தானியக்கமாகவே சரிசெய்யலாம். பாகப் பட்டியலில் அறை எண், தரையிலிருந்து உயரம், ஃபீடர், கூலிங் வாட்டர் லைன், தயாரிப்பாளர், மென்பொருள் பதிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி நெடுவரிசை (column) சேருங்கள். பிறகு ஒரு ஸ்கிரிப்ட் ஒவ்வோர் அறையாக எடுத்து, அதிலுள்ள எல்லாப் பாகங்களின் பழுது வாய்ப்பையும் 1 ஆக்கி, மரத்தை மறுபடி தீர்க்கட்டும். 40 அறைக்கு 40 ஓட்டம், அவ்வளவே. எந்த அறையை அணைத்ததும் சிஸ்டம் மொத்தமாக விழுகிறதோ, அங்கேதான் முதலில் போய் நிற்க வேண்டும். ஃபீடருக்கும் கூலிங் லைனுக்கும் இதே ஓட்டம்.

கேபிள் வழித்தடத்தை மட்டும் வரைபடத்தை நம்பி நிரப்பாதீர்கள், நடந்து பார்த்து எழுதுங்கள். காலிப்ரேட்டர் (கருவிகளின் அளவைச் சரிபார்த்து செட் செய்யும் கருவி) எண்ணுக்கும் ஒரு நெடுவரிசை வையுங்கள். இரண்டு லெவல் டிரான்ஸ்மிட்டரையும் (திரவ மட்டத்தை அளந்து அனுப்பும் கருவி) ஒரே நாளில், ஒரே ஆள், பிசகிய ஒரே காலிப்ரேட்டரால் செட் செய்தால் இரண்டும் ஒரே அளவு தப்பாகக் காட்டும். ஒன்றோடொன்று ஒத்துப்போவதால் அலாரமும் அடிக்காது.