வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் வீரப்பதக்கம் வாங்கவில்லை என்று பேசியவருக்கு

1971 போரில் பாகிஸ்தானை வென்றதை நினைவுகூரும் விஜய் திவஸ் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். பேசியவர் பெயரை இங்கே இழுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் போரில் நம் கிழக்குக் கடற்படைப் பிரிவை நடத்திய கிருஷ்ணனைப் பற்றி அவர் சொன்னதை மறக்க முடியவில்லை. "கிருஷ்ணன் நம்ம ஊர்க்காரர், மரியாதை உண்டு. ஆனா கரையில உட்கார்ந்து வேலை பார்த்தவர். அதான் வீரப்பதக்கம் எதுவும் வாங்கல." முன்வரிசையில் இருந்தவர்கள் அதற்குத் தலையாட்டினார்கள்.

வாங்கினார் ஐயா. 1941-லேயே வாங்கினார். 1919-ல் நாகர்கோவிலில் பிறந்தவருக்கு அப்போது வயது 22. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ராயல் இந்தியக் கடற்படையின் இளம் அதிகாரியாகப் பாரசீக வளைகுடாவில் அவர் காட்டிய துணிச்சலுக்குத் தரப்பட்டது டி.எஸ்.சி., அதாவது டிஸ்டிங்க்விஷ்ட் சர்வீஸ் கிராஸ். எதிரியை எதிர்கொண்டு கடலில் காட்டும் தீரத்துக்கான விருது அது. இத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்பதற்காகக் கொடுப்பதல்ல. மைக்கைப் பிடிப்பதற்கு முன் இதைக்கூடவா ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்?

"அது வெள்ளைக்காரன் கொடுத்தது, 1971-க்கு மகாவீர் சக்ரா வாங்கினாரா?" என்று போர்க்கள வீரத்துக்கான நம் நாட்டு விருதைக் கேட்பீர்கள். 1971-ல் தரைப்படைத் தலைவராக இருந்த மானெக் ஷாவின் மிலிட்டரி கிராஸ் என்ற வீரப்பதக்கமும் 1942-ல் பர்மாவில் வெள்ளைக்காரன் கொடுத்ததுதான். அவரிடம் யாராவது 1971-க்கு மகாவீர் சக்ரா எங்கே என்று கேட்டதுண்டா? முழுப் படைப்பிரிவையும் நடத்திய உயர் தளபதிகளுக்கு அந்தப் போருக்குப் பிறகு பத்ம விருதுகள்தான் வந்தன. டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஸியிடம் சரணாகதிக் கையெழுத்து வாங்கிய நம் தரைப்படைத் தளபதி அரோராவுக்கும் பத்ம பூஷண்தான், கிருஷ்ணனுக்கும் பத்ம பூஷண்தான். கூடவே பரம் விசிஷ்ட் சேவா பதக்கம். அரோராவைக் கரையில் உட்கார்ந்தவர் என்று யாரும் சொல்வதில்லை. நம் ஊர்க்காரருக்கு மட்டும் இந்தக் கேள்வி வருகிறது.

சரி, கரையில் உட்கார்ந்து அவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைமை அவர் கையில். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் கொதிகலன் ஒன்றில் விரிசல், முழு வேகத்தில் ஓட முடியாது. அதைத் தேடி மூழ்கடிக்கத்தான் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி 1971 நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து கிளம்பியது. கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பி ஒளித்துவைத்துவிட்டார். விசாகப்பட்டினத்திலோ, பெரிய கப்பல்கள் வரப்போகின்றன என்று ஒப்பந்தக்காரர்களிடம் இறைச்சி, காய்கறிக்கு ஏகப்பட்ட ஆர்டர். ஊரில் ஒற்றன் இருந்தால் அவன் காதுக்குப் போகட்டும் என்றுதான். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலைக் கடலுக்கு அனுப்பி, விக்ராந்த் பேசுவதுபோல வயர்லெஸ்ஸில் பேச வைத்தார். ஒரு மாலுமி தன் தாயின் உடல்நிலையைக் கேட்டு அனுப்புவதுபோல ஒரு தந்திகூடச் சங்கேதம் இல்லாமல் போனது. எதிரி அதைக் கேட்டு, விக்ராந்த் இங்கேதான் நிற்கிறது என்று நம்ப வேண்டும் அல்லவா? தாயைப் பற்றிய ஒரு விசாரிப்பை அந்த இடத்தில் வைக்கத் தோன்றிய மூளையைத்தான் 'உட்கார்ந்து வேலை பார்த்தவர்' என்கிறார்கள்.

அதற்கு முன்னால் 1961-ல் டையூவில் டெல்லி என்ற குரூசர் கப்பலுக்குக் கேப்டனாக இருந்து போர்ச்சுகீசியர்களுக்கு எதிராகப் போனவரும் இவர்தான். மேடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் பெரியப்பா கடற்படையில் எஞ்சின் ரூம் மெக்கானிக். 71-ல் வங்காள விரிகுடாவில் இருந்தவர். அதற்காகக் கிடைத்த பூர்வி ஸ்டாரை வருஷத்துக்கு ஒருமுறை, குடியரசு தினத்தன்று, சட்டையில் குத்திக்கொண்டு பள்ளிக்கூடக் கொடியேற்றத்துக்குப் போவார். ரிப்பனில் சுருக்கம் விழுந்துவிடக் கூடாது என்று இஸ்திரி போட்ட கைக்குட்டைக்குள் மடித்துவைத்திருப்பார். ஒரு வருஷம் விழாவுக்கு வந்த விருந்தினர் ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்து, "இது எல்லாருக்கும் குடுத்ததுதானே பெரியவரே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பெரியப்பா "ஆமா சார்" என்றார். அடுத்த வருஷம் வெறும் சட்டையோடு போனார். அப்புறம் போவதையே நிறுத்திவிட்டார். எஞ்சின் ரூம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும். டார்பிடோ பட்டால் அங்கே இருப்பவன் ஏணிக்கு வந்துசேர்வதே பெரிய பாடு. அது தெரிந்தேதான் எல்லாரும் வேலைக்கு இறங்கினார்கள், எல்லாருக்கும் கொடுத்தார்கள். இதில் குறைத்துப் பேச என்ன இருக்கிறது?

"ஊர்ப் பாசத்தில் எழுதுகிறாய்" என்பார்கள். எழுதுகிறேன். டாக்கா சரணாகதிப் படத்தில் அரோராவுக்குப் பின்னால் நிற்பவர்களில் ஒருவர் நாகர்கோவில்காரர் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல், வேறு யாருக்குச் சொல்வது?

இன்னொரு கூட்டம் உண்டு. "காஸி தன் கண்ணிவெடியிலேயே வெடித்தது, இவர் என்ன செய்தார்?" என்று வருவார்கள். பாகிஸ்தான் தரப்பு அப்படித்தான் சொல்கிறது. டிசம்பர் 3 நள்ளிரவில் துறைமுக வாயிலில் ராஜ்புத் நீர்மூழ்கிகளைத் தாக்கும் ஆழ்வெடிகளைப் போட்டது, அதன்பின் சில நிமிடங்களில் பெரும் வெடிச்சத்தம் கேட்டது என்பது நம் கடற்படையின் கணக்கு. ராஜ்புத்தின் கேப்டன் இந்தர் சிங்குக்கு வீர் சக்ரா என்ற வீரப்பதக்கம் கிடைத்தது. காஸியில் இருந்த 93 பேரும் இறந்துபோனார்கள், அவர்களுக்கும் வீட்டில் ஆள் இருந்திருப்பார்கள், அதை நான் கொண்டாடவில்லை. எது வெடித்தது என்று நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள். காஸி விசாகப்பட்டினத்து வாசலில் கிடந்தபோது விக்ராந்த் அங்கே இல்லை. டிசம்பர் 4 அன்று அதன் விமானங்கள் கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கிக்கொண்டிருந்தன. அந்தக் கப்பலில் இருந்த அத்தனை மாலுமிகளும் உயிரோடு இருந்தார்கள். அதில் கிருஷ்ணனுக்குப் பங்கில்லை என்பவர்கள் ஆதாரத்தோடு கீழே எழுதுங்கள், ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறேன்.