பதின்மூன்றைப் பேசுகிறவர்கள் எண்பதையும் பேசட்டும்

"பதின்மூன்றை முழுமையாக நடைமுறைப்படுத்து" என்று, இலங்கையில் மாகாண சபைகளை உருவாக்கிய பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் பற்றி எழும் கோரிக்கையை நான் கேட்கத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. காணி, பொலிஸ் என்று அதற்குள் வரும் பட்டியல் எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கும் மனப்பாடம். ஆனால் 1978 அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை அந்தப் பட்டியலில் ஒருநாளும் இடம்பெற்றதில்லை. ஒரு சட்டமூலத்தில் சபாநாயகரின் சான்றுரை எழுதப்பட்டுவிட்டால், அதன் பிறகு அந்தச் சட்டம் செல்லுபடியாகுமா என்று எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் விசாரிக்கக் கூடாது என்கிறது அது. மாகாண சபைகள் இன்றிருக்கும் நிலைக்குக் காணி அதிகாரம் கிடைக்காததைவிட இந்த ஒரு பந்தியே பெரிய காரணம் என்பது என் கருத்து.

இந்தத் தடை எப்போதும் இருந்ததல்ல. சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பின் கீழ் நீதிமன்றங்களால் சட்டங்களைச் செல்லாதென்று சொல்ல முடிந்தது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாததால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட அரச எழுதுவினைஞர் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கில், 1956ஆம் ஆண்டின் அரச கரும மொழிச் சட்டமே இனப் பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுத்த 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964இல் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் மொழிச் சட்டத்தைத் தொடாமல், அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்காட முடியாது என்ற காரணத்தைக் காட்டி அதைப் புரட்டியது. 1969இல், அன்று இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அந்தக் காரணம் தவறு என்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடையில்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது; 1972இல் தேசிய அரசுப் பேரவையே அரச அதிகாரத்தின் அதியுயர் கருவி என்று எழுதப்பட்டது; நிறைவேறிய சட்டத்தைக் கேள்வி கேட்கும் வழி அன்றோடு மூடப்பட்டது.

ஆகவே 1987இல் மாகாண சபைகள் வந்தபோது, அவை ஏற்கெனவே மூடப்பட்ட வீட்டுக்குள்தான் குடிபுகுந்தன. பதின்மூன்றாவது திருத்தச் சட்டமூலத்தை ஒன்பது நீதியரசர்கள் ஆராய்ந்தார்கள். சர்வசன வாக்கெடுப்புத் தேவையில்லை என்று பிரதம நீதியரசர் சர்வானந்தா உட்பட நால்வரும், தேவை என்று வேறு நால்வரும் நின்றார்கள். நீதியரசர் ரணசிங்க சில ஏற்பாடுகளுக்கு மட்டும் தேவை என்றார். அரசு அந்த இடங்களைத் திருத்திக்கொண்டு மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேற்றியது. தேவையில்லை என்றவர்கள் சொன்ன காரணம்தான் கவனிக்க வேண்டியது. சபைகள் பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டவை, பாராளுமன்றத்தின் சட்டவாக்க மேலாண்மை குறையவில்லை, ஆகவே ஒற்றையாட்சிக்கு ஊறு இல்லை என்பதே அவர்களின் வாதம். எதையும் பெரிதாகக் கொடுக்கவில்லை என்று காட்டித்தான் அந்தத் திருத்தம் நீதிமன்றத்தைத் தாண்டியது.

கொடுத்த கொஞ்சத்துக்கும் 154எ(3)ஆம் உறுப்புரை ஒரு வேலி கட்டியது. மாகாண சபை நிரலில் உள்ள விடயம் பற்றிய சட்டமூலத்தை எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். ஒரு சபை மறுத்தாலும், அதை நாடு முழுவதற்குமான சட்டமாக்க மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும்.

இந்த வேலியின் உறுதி 2012இல் சோதிக்கப்பட்டது. வறியோர் உதவித் திட்டமான சமுர்த்தியையும் தெற்கு, மலையக அபிவிருத்தி அதிகாரசபைகளையும் ஒரே திணைக்களமாக்கி மத்திய அமைச்சின் கீழ் வைக்கும் திவிநெகும (வாழ்வின் எழுச்சி) சட்டமூலத்தைச் சபைகளுக்கு அனுப்பாமல் நிறைவேற்ற முடியாது என்று உயர் நீதிமன்றம் கூறியது. எட்டுச் சபைகள் சம்மதித்தன. வடக்கில் சபையே இல்லை. ஆளுநர் சம்மதம் கொடுத்தார். மக்கள் தெரிவு செய்யாத ஒருவர் மக்கள் தெரிவு செய்யும் சபையின் வாயாக முடியாது என்ற நிலைப்பாட்டைப் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க தலைமையிலான அமர்வு எடுத்தது. ஆகவே மூன்றில் இரண்டு வேண்டும் என்றது. அரசிடம் அந்தப் பெரும்பான்மை கையிலேயே இருந்தது. அப்படியிருந்தும் நவம்பர் 1 அன்று பிரதம நீதியரசரைப் பதவி நீக்கக் கோரி 117 உறுப்பினர்கள் கையொப்பமிட்ட குற்றப்பிரேரணை சபாநாயகரிடம் போனது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றார்கள்; நாட்காட்டி பார்க்கத் தெரிந்தவர்கள் அதை நம்பவில்லை. அவரை விசாரித்த பாராளுமன்றத் தெரிவுக்குழுவுக்கு அப்படித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றமும், அதன் அறிக்கை செல்லாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றமும் கூறியும், 2013 ஜனவரி 11 அன்று 155க்கு 49 என்ற வாக்குகளால் பிரேரணை நிறைவேறியது. அதற்கு மூன்று நாள் முன்பே திவிநெகும நிறைவேறி, அந்த ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டமாகியிருந்தது.

என் மச்சாள் அப்போது சமுர்த்தி உத்தியோகத்தர். அலுவலகப் பெயர்ப்பலகையில் 'சமுர்த்தி' அழிக்கப்பட்டு 'வாழ்வின் எழுச்சி' எழுதப்பட்டது. ஆட்சி மாறிய பின் மறுபடியும் சமுர்த்தி. கீழே பழைய எழுத்தின் நிழல் தெரிந்தது என்று சிரித்தாள். முத்திரைக்கு வரிசையில் நின்றவர்களுக்கு எந்தப் பெயரும் ஒன்றுதான்.

2017இல் நடந்தது இதைவிடச் சத்தமில்லாதது. எல்லா மாகாண சபைத் தேர்தல்களையும் ஒரே நாளுக்குத் தள்ளும் இருபதாவது திருத்தச் சட்டமூலத்துக்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. அரசு வேறு வழி பார்த்தது. வேட்புமனுவில் பெண்களுக்கு இடம் ஒதுக்குவதற்கென வந்த மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலத்துக்குள், செப்டெம்பர் 20 அன்று குழுநிலையில், தேர்தல் முறையையே மாற்றும் திருத்தங்கள் நுழைக்கப்பட்டன. சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் வந்த ஒரு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப்போட்டிருக்க வேண்டிய குடிமகனுக்கு அந்தத் திருத்தங்களைப் பார்க்கும் வாய்ப்பே இருக்கவில்லை. பார்த்த பிறகு 80(3) கதவைச் சாத்தியது. புதிய முறைக்கு எல்லை நிர்ணயம் தேவைப்பட்டது. 2018 ஓகஸ்டில் அந்த அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது அதை முன்வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். அவ்வளவுதான், தேர்தல் நின்றது. வடக்குச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2019 முடிவதற்குள் ஒன்பது சபைகளும் ஆளுநர்களின் கையில். எந்த அதிகாரத்தையும் பறிக்காமலே எல்லாவற்றையும் நிறுத்திவைக்க முடிந்தது.

நீதிமன்றத்தை நம்பி என்ன பயன் என்று நண்பர்கள் கேட்பார்கள். 2006இல் வடக்குக் கிழக்கு இணைப்பைச் செல்லாதென்றது அதே உயர் நீதிமன்றம்தான். 2013 செப்டெம்பரில், வடக்கு மாகாண சபையின் முதல் தேர்தல் முடிந்து ஐந்தாம் நாள், அரச காணி மத்தியின் அதிகாரம் என்றதும் அதுவேதான். ஒப்புக்கொள்கிறேன். நீதியரசர்கள் எங்கள் பக்கத்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டம் வந்த பிறகும் வழக்காட முடிந்தால், தோற்றாலும் காரணம் எழுத்தில் இருக்கும். இன்னொரு அமர்வு அதை மாற்றவும் கூடும். இன்றோ தோற்பதற்கும், சட்டம் நிறைவேறுமுன் குறுகிய அவகாசம்தான் தருகிறார்கள். அந்த அவகாசத்துக்குள் வர்த்தமானியைத் தேடிப் பிடித்து, கொழும்பில் சட்டத்தரணி அமர்த்தி, மனுவைத் தாக்கல் செய்ய மன்னாரில் இருக்கும் ஒரு மீனவர் சங்கத்தால் முடியுமா?

கடந்த தேர்தலில் எங்கள் வாசலுக்கு வாக்குக் கேட்டு வந்த ஒரு வேட்பாளரிடம் 80(3) பற்றி உங்கள் கட்சியின் நிலைப்பாடு என்ன என்று கேட்டேன். துண்டுப்பிரசுரத்தை என் கையில் தந்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, "அது பதின்மூன்றுக்குள்ள வருமோ, அண்ணை?" என்று கேட்டார்.