படித்தவர்களும் விதிவிலக்கல்ல

“சிந்தனைச் சாய்வுகள் (நம்மை அறியாமலே சிந்தனையை ஒரு பக்கமாக இழுக்கும் பழக்கங்கள்) படிக்காதவர்களைத்தான் ஏமாற்றும்” என்று எழுதி, தமக்குத் தெரிந்த சிலரை நண்பர் உதாரணம் காட்டுகிறார். இது சரியல்ல. 1960-இல் உளவியலாளர் பீட்டர் வேசன் வெளியிட்ட சோதனையில் பங்கேற்றவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். 2, 4, 6 என்ற வரிசை ஒரு விதிக்கு உட்பட்டது. வேறு எண்களைச் சொல்லிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘இரண்டிரண்டாகக் கூடுகிறது’ என்று ஊகித்தவர்கள் 8, 10, 12 போன்றவற்றையே சொன்னார்கள். ‘பொருந்துகிறது’ என்ற பதில் வர வர நம்பிக்கை இறுகியது. உண்மையான விதியோ, எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் போதும் என்பதுதான்! 1, 7, 30 என்று ஒரு தடவை கேட்டிருந்தாலே குட்டு உடைந்திருக்கும். பெரும்பாலோர் முதலில் தவறான விதியைத்தான் அறிவித்தார்கள். நண்பரே, ஏமாந்த படிக்காதவர்களைப் பட்டியலிட்டீர்கள். ஏமாந்த பட்டதாரிகளைத் தேடிப் பார்த்தீர்களா?