மினுங்கினால் போதுமா?

மூன்று மாதம்! வார்னிஷ் பூசி மூன்றே மாதத்தில் வள்ளத்தின் விளிம்புப் பலகை பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்குகிறது. காலையிலிருந்து சுரண்டிச் சுரண்டி விரல் நுனியெல்லாம் எரிகிறது.

எங்கள் வள்ளம் முல்லைத்தீவு நாயாற்றில் நிற்கிறது. உடம்பு பைபர், விளிம்பும் உட்காருகிற பலகைகளும் மரம். கடைக்காரர் "நல்ல சாமான் தம்பி, கண்ணாடி மாதிரி மினுங்கும், ரெண்டு பூச்சுக் காணும்" என்று தந்தார். மினுங்கியது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது கதவுக்கும் கட்டிலுக்கும் பூசுகிற வார்னிஷ்! பேணியின் பின்பக்கம் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில், வீட்டுக்குள் பாவிக்க மட்டும் என்று இருக்கிறது. கடலுக்குத்தான் வாங்குகிறேன் என்று இரண்டு தரம் சொன்னேனே!

மரம் தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். கண்ணாடி மாதிரி இறுகுகிற பூச்சு அதோடு சேர்ந்து அசையாது, வெடிக்கும். வெடிப்பால் தண்ணீர் உள்ளே போய் மரம் கறுக்கும். வெயில் அதைவிடக் கொடுமை. தெளிந்த பூச்சுக்குள்ளால் ஊடுருவி மரத்தின் மேல்தோலையே அரித்துவிடும், பிறகு பூச்சுக்குப் பிடிமானம் ஏது? வெளியில் நிற்கிற மரத்துக்கு வளைந்து கொடுக்கிற, வெயிலைத் தடுக்கிற சேர்மானம் உள்ள வார்னிஷ்தான் வேண்டும். அதுவும் இரண்டு பூச்சுப் போதாது. முதல் பூச்சைத் தேர்ப்பன்டைன் விட்டு இளக்கி மரத்துக்குள் இறங்க விட்டு, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் உப்புத்தாள் போட்டு, ஐந்தாறு தரம் பூச வேண்டும்.

சரி, எப்போது பூசுவது? விடியப் பனி ஈரம். மதியம் பலகையில் கை வைக்க முடியாது, அந்தச் சூட்டில் பூசினால் குமிழி குமிழியாக எழும்பும். மாரி தொடங்கினால் கதையே இல்லை. நல்ல வெயில் காலத்தில் ஒரு கிழமை வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைத்தால் அந்தக் கிழமை உலைக்கு யார் அரிசி போடுவது?

இதற்குள் ஒரு அண்ணை வந்து "கழிவு ஒயிலைப் பூசிவிடு தம்பி" என்கிறார். எனக்கு வந்த கோபம்! அது கசிந்து இறால் வளர்கிற களப்புக்குள்தானே போகும்? ஒருதரம் அது ஊறிய மரத்தில் பிறகு எந்தப் பெயின்றும் ஒட்டாது.

அப்பா சுறா ஈரல் எண்ணெய்தான் பூசினார். நாற்றம் தாங்க முடியாது, நாங்கள் முகம் சுளிப்போம். ஆனால் அது மரத்தின் மேலே தோலாக நிற்காமல் உள்ளே ஊறிவிடும். உரிவதற்கு ஒன்றும் இல்லை, மங்கினால் துணியால் இன்னொரு தரம் துடைத்துவிடுவார், அவ்வளவுதான். அப்புறம் மினுக்கத்துக்கு ஆசைப்பட்டு நாங்கள்தான் அதை விட்டோம்.

இந்தமுறை விளிம்புக்குப் பெயின்ற்தான். நிறம் உள்ள பூச்சு வெயிலை மரத்தில் பட விடாது. உட்காருகிற பலகைக்கு எண்ணெய். நாளைக்கு அந்த வெறும் பேணியோடு கடைக்குப் போகிறேன். பின்பக்கத்தில் இருப்பதை அவர் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டட்டும்.